வலி நின்ற வயிறு

குன்றத்தூர்
6-8-1991

அன்புள்ள தம்பி யாக்கோபுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சபை கலைந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "என் வயித்து வலி போனதுல உனக்கு இன்னாக்கா நஷ்டம்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன்னோடு பாட்டில் கம்பெனியில் வேலை செய்யும் கன்னியப்பன்கூடச் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மனைவி ரத்னா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், "அண்ணி, இன்னிக்கி வாணாம், அவரு கோவத்துல கீறாரு" என்றாள். என் முதுகுக்குப் பின்னால் நீ, "இனிமே என் வூட்டு வாசல்ல அது கால் வெக்கக் கூடாது" என்று சொன்னதும் கேட்டது.

நான் கால் வைக்கவில்லை. தபால்காரர் வைப்பார்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் எனக்கு ஒரு பழக்கம். கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்பேன். மறுநாள் சொல்லியும் விடுவேன். உன் கேள்விக்கும் அப்படித்தான், இரண்டு நாள் தாமதம்.

உன் வலி போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உன் கல்யாணத்தன்றே நீ பந்தியிலிருந்து எழுந்துபோய், சமையல் கொட்டகைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாய். உன்னைத் தேடி வந்தவள் நான்தான். அப்படிப்பட்டவன் மைக்கைப் பிடித்து, "குனிஞ்சே கெடந்தவன் நிமிந்துட்டேன்" என்று சாட்சி சொன்னபோது எனக்கும் கண் நிறைந்தது. அதற்கு அடுத்து நீ சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "எம் பொண்ணு ஜாஸ்மினுக்கும் அதே வலி வந்துகீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போகமாட்டேன். எனக்குச் செஞ்சவரு அவளுக்கும் செய்வாரு." அதனால்தான் வெளியே வந்ததும், வலி நின்றால் நோய் நின்றதாக அர்த்தமில்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வகுப்பில் பேசிய தொண்டை.

மெதுவாகச் சொல்கிறேன், கேள். செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள். மதகில் கல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லாமல் கரையை முட்டும். கரைக்கு வாய் இருந்தால் கத்தும். உன் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. சாப்பிட்டதைக் கரைக்கும் நீர் அதில் ஊறி, ஒரு குழாய் வழியாகக் குடலுக்குப் போகவேண்டும். உன் குழாயில் கல். அந்த எக்ஸ்ரே படத்தை நாம் இருவரும் ஆஸ்பத்திரி ஜன்னலில் பிடித்துப் பார்த்தோமே, நடுவில் நொய்யரிசி சிந்தினாற்போல வெள்ளை வெள்ளையாக, அதுதான். நீர் முட்டியது, நீ கத்தினாய். இப்போது ஏரியே வற்றிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள். முட்டுவதற்குத் தண்ணீர் இல்லை. கரை அமைதியாகிவிடும். ஆனால் கீழே இருக்கும் வயலுக்கு என்ன கதி?

சாட்சி சொல்லி முடிப்பதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரை நீ குடித்துத் தீர்த்தாய். சட்டை உன் தோளில் மாட்டிவைத்தது போல் தொங்கியது. இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடு. ஜாஸ்மினை ஒரு நாள் என்னோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இரண்டுதான் கேட்கிறேன்.

உன் அக்கா
மரகதம்


ஒரகடம்
14-8-1991

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. நீ உதாரணம் சொன்னால் பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு கேட்பார்கள். நான் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும்.

ஏரி வற்றினால் ஊருக்கெல்லாம் தெரியும். என் வயிறு வற்றியதை நீ மட்டும் எப்படிப் பார்த்தாய்? தாகம் என்கிறாய். கண்ணாடி உருகுகிற உலை முன்னால் ஒரு ஷிப்ட் நின்று பார். எங்கள் லைனில் எல்லோரும் பானையில் வாயை வைத்துக் குடிக்காத குறைதான். இளைத்துவிட்டேன் என்கிறாய். பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டது உண்மை. ஓவர்டைம் பார்க்கிறவன் தொந்தி வைத்துக்கொண்டா இருப்பான்?

நான் சொல்வதை நீ கேள். என் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் நான் தொட்டதில்லை. முதல் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டு எழுதியவர் தலை நிமிராமல், "எவ்ளோ நாளா குடிக்கிற?" என்று கேட்டார். "குடிக்கறதில்ல சார்." "எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க." அவ்வளவுதான். கம்பெனியில் வலி வந்து லைனை விட்டுக் குந்தினால், சூப்பர்வைசர் நரசிம்மன் பக்கத்தில் வந்து என் வாயை மோந்து பார்ப்பார். "இன்னா யாக்கோபு, நேத்து ஜாஸ்தியாயிடுச்சா?" லைனே சிரிக்கும். என் மாமனார் சாகும்வரை என்னைக் குடிகாரன் என்றுதான் நம்பினார். வலி நின்றதும் இத்தனை பேர் வாயும் நின்றது. நான் நிமிர்ந்துவிட்டேன் என்று சொன்னது முதுகை மட்டும் இல்லை அக்கா. அந்த இடத்தில் வந்து நீ எல்லார் காதிலும் விழும்படி பேசினாய்.

ஜாஸ்மினுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் உபவாச ஜெபம் நடக்கிறது. பாஸ்டர் வசந்தகுமார் வந்து எண்ணெய் பூசுகிறார். ஊரே வந்து முழங்கால் போடுகிறது. கன்னியப்பன் உடம்பு சரியில்லாத தன் அம்மாவை வண்டியில் வைத்துக் கூட்டி வருகிறார், நான் ஒரு வார்த்தை ஜெபிக்க வேண்டும் என்று. இவ்வளவுக்கும் பிறகு நான் அவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்தினால் என் சாட்சிக்கு இன்னா மரியாதை? அதோடு நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கவேண்டும். வயிற்று நோய்க்காரி என்று பேரெடுத்துவிட்டு எங்கே போவது?

நீ சொன்ன இரண்டும் நடக்காது.

யாக்கோபு


குன்றத்தூர்
19-8-1991

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நரசிம்மன் உன் வாயை மோந்து பார்த்த கதையை நீ இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

இந்த நோய் குடிக்கிறவர்களுக்கும் வருகிறது, குடியையே தெரியாதவர்களுக்கும் வருகிறது. நம் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே வருவதுண்டு, சில வீடுகளில் ஒருவருக்கு மேல் வருகிறது என்று எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கு டாக்டர் என்னிடம் சொன்னார். நீ வராந்தாவில் குனிந்து உட்கார்ந்திருந்தாய், உன் காதில் விழுந்திருக்காது. சீட்டு எழுதியவர் கேட்டது மட்டும் விழுந்திருக்கிறது.

அக்கா ஒன்று கேட்கிறேன், வெட்கப்படாதே. வெளிக்குப் போனால் எப்படிப் போகிறது? வெளுத்து, நாற்றம் தாங்காமல், எண்ணெய் மிதக்கிறதா? இரவில் எத்தனை முறை ஒன்றுக்கு எழுந்து போகிறாய்? எனக்கு எழுத வேண்டாம். உனக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

ஏன் கேட்கிறேன் என்றால், கணையத்துக்கு ஒரு வேலை அல்ல, இரண்டு. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு கட்டடம் இருக்கிறதே, முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் லாட்ஜ். டீ குடிக்கிறவனுக்கு லாட்ஜைத் தெரியாது, லாட்ஜில் தூங்குகிறவனுக்குக் கடையைத் தெரியாது. சுவர் என்னவோ ஒன்றுதான். கணையத்தின் முன்பக்கக் கடை சாப்பாட்டைக் கரைக்கும் நீரைக் கொடுக்கிறது. அது மூடிவிட்டால் நீ சாப்பிடுகிற நெய்யும் எண்ணெயும் கரையாமல் அப்படியே வெளியேறும்; சாப்பிட்டும் இளைப்பாய். பின்பக்கத்தில் இன்சுலின் ஊறுகிறது, சர்க்கரையை அதுதான் கட்டுப்படுத்துகிறது. சுவர் பல வருஷமாக உள்ளுக்குள் இறுகி வறண்டுகொண்டு வந்தால், முதலில் ஒரு பக்கம் மூடும், பிறகு மற்றதும் மூடும். இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். சத்தம் போட்டதெல்லாம் முன்னாலேயே போட்டு முடித்தாயிற்று.

கடவுள் உனக்குச் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஓய்வு கொடுத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள். ஓய்வு நேரத்தில் வீட்டைப் பழுது பார்க்கக் கூடாதா?

ஜாஸ்மின் சாப்பிடுகிறாளா? அதையாவது எழுது.

அக்கா


ஒரகடம்
2-9-1991

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

கேட்டாயே, எழுதுகிறேன். ஜாஸ்மின் சாப்பிடுகிறாள். அவளுக்கும் வலி நின்றுவிட்டது.

போன வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும், "எப்டிம்மா கீது?" என்று கேட்டேன். "இல்லப்பா, வலிக்கல" என்றாள். மறுநாளும் கேட்டேன், அதே பதில். நேற்று சபையில் அவளே எழுந்து நின்று, "எங்கப்பாவுக்கு செஞ்ச மாதிரியே எனக்கும் செஞ்சாரு" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, மைக் அவளுக்குப் புதுசு. ரத்னா அழுதாள். பாஸ்டர் வசந்தகுமார், இந்த மாசக் கடைசியில் சுங்குவார்சத்திரத்தில் நடக்கிற பெரிய கூட்டத்தில் அப்பாவும் மகளும் சேர்ந்து சாட்சி சொல்லவேண்டும் என்று அறிவித்துவிட்டார். நோட்டீஸில் எங்கள் பேர் வருகிறது.

இப்போது சொல், ஏரி அவளுக்கும் வற்றிவிட்டதா?

நீ கேட்ட அந்த அசிங்கத்துக்கெல்லாம் பதில் எழுதமாட்டேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன், நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக. பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியவில்லை. முந்தாநாள் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தேன். அந்த ரோடு அவ்வளவு மோசம். கன்னியப்பனும் அதே ரோட்டில்தான் வந்தார், அவர் விழவில்லை என்று ரத்னா சொல்கிறாள். அவள் நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசுகிறாள்.

யாக்கோபு


குன்றத்தூர்
5-9-1991

தம்பி,

கடிதம் இப்போதுதான் வந்தது. உதாரணம் எதுவும் இல்லை, நேராக எழுதுகிறேன். எண்ணெய்ச் சத்து உடம்பில் சேராவிட்டால் மாலைக்கண் வரும்; ரோட்டின் மேல் பழி போடாதே.

உன் வலி நிற்க எத்தனையோ வருஷம் ஆனது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு வெள்ளிக்கிழமையில் எந்த உறுப்பும் வற்றாது. இந்த வலி விட்டுவிட்டு வரும். ஆகவே இது இடைவெளியாக இருக்கலாம். அப்படியானால் சந்தோஷம், ஆனாலும் திரும்பி வரும். இல்லையென்றால் அவள் வலியை உன்னிடமிருந்து மறைக்கிறாள்.

சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்காதே. உனக்காக அவள் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வாள். தட்டைப் பார்.

அக்கா


ஒரகடம்
17-9-1991

அக்கா,

என் மகள் சபை நடுவில் நின்று பொய் சொன்னாள் என்று எழுதுகிறாய். உன்னால் மட்டும்தான் அப்படி எழுத முடியும். பிள்ளை பெறாதவள் என்று நான் உன்னை ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது. என் வீட்டில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று நான் தட்டை வேவு பார்க்கமாட்டேன். நீ இனிமேல் எழுதவேண்டிய

*

மேலே இருப்பது செவ்வாய்க்கிழமை எழுதினது. முடிக்காமல் பைபிளில் வைத்திருந்தேன். இன்று வியாழக்கிழமை. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதலாம். ஆனால் நான் இன்னா எழுதினேன் என்று நீ தெரிந்துகொள்வதுதான் சரி.

இன்றைக்கு உலை முன்னால் தலை சுற்றியது. நரசிம்மன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மத்தியானம் வந்து சேர்ந்தேன். ரத்னா தண்ணீருக்குப் போயிருந்தாள். ஜாஸ்மின் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். தட்டு பக்கத்து வீட்டு ஆட்டின் முன்னால் இருந்தது. அதில் காலையில் ரத்னா போட்ட சோறு, குழம்பு ஊற்றினபடியே. ஆடு தின்றுகொண்டிருந்தது.

அவள் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தாள். முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து, தாவணி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு. அப்படி உட்கார்ந்தால் ஒரு அரைக்கால் பங்கு குறையும். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அக்கா. உடம்பு தானாகவே கண்டுபிடிக்கும். நான் அங்கே என்னையே பார்த்தேன்.

என்னைக் கண்டதும் சடாரென்று நிமிர்ந்தாள். "முள்ளு குத்திச்சிப்பா, எடுத்துக்கினு இருந்தேன்."

"எங்க குத்திச்சி?"

பாதத்தைக் காட்டினாள். ஒன்றும் இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

"எத்தினி நாளா இப்டி?"

தாவணி முனையை விரலில் சுற்றினாள்.

"வலிக்கலன்னு சொன்னியே, யாருக்காக சொன்ன?"

"நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களேப்பா" என்றாள். "எனக்கு வலிச்சா உங்களுத பொய்யாயிடும்."

அவளை எழுப்பி உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன்.

பாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது கையைப் பிடித்து, "பிரதர், உங்க சாட்சி" என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில். எண்ணெய் மிதக்கிறது. பல மாசமாக. இரவில் ஐந்தாறு தரம் எழுந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அவளும் பூந்தமல்லி வந்து இறங்குவோம். நீ அங்கே நின்றால் சேர்ந்து போகலாம்.

யாக்கோபு


ஒரகடம்
21-10-1991

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

வீடு வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. உன்னை வார்டு வாசலில் விட்டுவிட்டு வந்தபோது சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஜாஸ்மின் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

இன்சுலின் பாட்டிலை ஈரமணல் சட்டியில் புதைத்து வைத்திருக்கிறேன். ரத்னா ஊசியைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறாள், நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டோடு, அதைக் கரைக்கிற அந்த மாத்திரையையும் விழுங்குகிறேன். எண்ணெய் குறைந்திருக்கிறது. பெல்ட் ஓட்டையில் ஒன்று திரும்பி வந்தது.

நீ டீ வாங்கப் போன நேரத்தில் வார்டு டாக்டர் அம்மாவிடம் உன் ஏரியைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்கக்கா சொன்னது பாதி சரி" என்றார். சிலருக்கு உள்ளே வற்றின பிறகும் வலி நிற்பதில்லையாம். பல வருஷம் வலித்த நரம்புக்கு அதுவே பழக்கமாகி, காரணம் போன பிறகும் வலித்துக்கொண்டே இருக்குமாம். சிலருக்கு வலியே பெரிதாக வராமல் நேராகச் சர்க்கரையில் கொண்டுபோய் நிறுத்துமாம். "அப்போ எம் பொண்ணுக்கு வலிக்குதுன்னா, உள்ள இன்னும் உசுரு கீதுன்னு அர்த்தமாம்மா?" என்று கேட்டேன். "அப்படியும் சொல்ல முடியாது. வலியை வெச்சு எதையும் அளக்க முடியாதுங்க. ரத்தத்தைப் பாக்கணும், எடையைப் பாக்கணும்" என்றார். ஜாஸ்மினுக்கு இன்னும் சர்க்கரை ஏறவில்லை. குழாயில் பொடிக் கற்கள். வலி அடங்காவிட்டால் குழாயைத் திறந்து கல்லை எடுக்கலாம் என்கிறார். அதுவும் வலிக்குத்தான். நோயை வேரோடு எடுக்க வழியில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்.

பாஸ்டரிடம் பூந்தமல்லி வருவதற்கு முன்னாலேயே சொன்னேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர், "நான் எப்போ பிரதர் ஆஸ்பத்திரி வாணாம்னு சொன்னேன்? எங்கம்மா பிரஷர் மாத்திரை முழுங்கிட்டுத்தான் ஜெபத்துக்கே உக்காருது" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதே இல்லை. நானாகவே மைக்கில் சொல்லி, நானாகவே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அந்த நோட்டீஸ் கட்டை அவர் பிரிக்கவேயில்லை.

போன வாரம் சபையில் எழுந்து, "வலி போச்சு, நோவு போகல, எம் பொண்ணுக்கு ரெண்டும் போகல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. வெளியே கன்னியப்பன், "அப்போ அன்னிக்கி எங்கம்மாவுக்கு ஜெபிச்சியே, அது இன்னா கணக்கு?" என்று கேட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவர் என்னோடு சைக்கிளில் வருவதில்லை.

கம்பெனியில் வேறு கதை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டு மணி தள்ளிப்போனால் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, நாக்கு குழறுகிறது. அன்றைக்கு லைனில் தள்ளாடினேன். நரசிம்மன் வந்து மறுபடியும் வாயை மோந்து பார்த்தார். பையில் இருந்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். வலித்தாலும் குடிகாரன், வலிக்காவிட்டாலும் குடிகாரன். சாப்பாடு, ஊசி, ஷிப்ட், மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன. நடுவில் நான். சாகும்வரை இப்படித்தான் என்று டாக்டர் சொன்னது அவ்வப்போது தலையில் அடிக்கிறது.

என்னை விடு. ஜாஸ்மின்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று, இனிமேல் மறைக்கமாட்டாள் என்று நினைத்தேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டால், "பரவால்லப்பா" என்கிறாள். காலையில் கேட்டாலும் அதே. தட்டில் பாதி மிச்சம் இருக்கும்போது கேட்டாலும் அதே. அடுத்த மாசம் டாக்டரிடம் போகும்போது எப்போது வலித்தது, எவ்வளவு வலித்தது என்று சொல்லவேண்டும். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதே அதை வைத்துத்தான். நானே அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கிவிட்டேன், இப்போது அதை விடவைக்கத் தெரியவில்லை. அதட்டிக் கேட்டேன், அழுதாள். கெஞ்சிக் கேட்டேன், சிரித்தாள். எப்படிக் கேட்கவேண்டும் அக்கா?

யாக்கோபு


குன்றத்தூர்
25-10-1991

அன்புள்ள தம்பிக்கு,

டாக்டர் அம்மா என் ஏரியைப் பாதியாக்கியதைப் படித்துச் சிரித்தேன். பாதி மதிப்பெண் எனக்குப் போதும். நானும் பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன்.

நரசிம்மனிடம் ஒரு முறை உன் ஊசியையும் மருந்துச் சீட்டையும் காட்டு. அவர் நம்புவார் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி தள்ளிப்போகும் நாளில் உன்னைக் கொஞ்சம் முன்னால் விடவேண்டும், அதற்கு ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நீ சொன்னது போல அந்த மூன்றுக்கும் நடுவில்தான் இனி உன் வாழ்க்கை. இல்லை என்று நான் பொய் சொன்னால் நீயே கண்டுபிடித்துவிடுவாய். சின்ன அறை அது. ஆனாலும் அதற்குள் ஒரு ஆள் புரண்டு படுக்க இடம் இருக்கிறது. எத்தனையோ பேர் அதில் இருந்து பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறார்கள்.

கன்னியப்பன் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அவர் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வா. பேச்சு வராவிட்டால் பரவாயில்லை.

ஜாஸ்மினைப் பற்றி. நீ வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் வார்டில் அவளிடம் நானும் கேட்டேன். "பரவால்ல அத்தை" என்றாள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஆகவே உன் மேல் மட்டும் குற்றத்தைப் போட்டுக்கொள்ளாதே.

வகுப்பில் பாடம் முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். மொத்த வகுப்பும், "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லும். பரீட்சைத் தாளைத் திருத்தினால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. பொய் சொல்லவேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை. நான் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், என் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான். கேள்வியிலேயே எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று இருந்தது. அதைத்தான் கொடுத்தார்கள். "வலிக்குதாம்மா?" என்று நீ கேட்கும்போது உன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவள் உன்னைவிட நன்றாகப் படிக்கிறாள்.

ரொம்ப வருஷம் கழித்துத்தான் நான் அந்தக் கேள்வியை விட்டேன். பதிலாக, "எனக்கு இந்தப் பாடம் முதல்ல புரியவே இல்ல, இதோ இந்த இடத்துல முட்டிக்கிட்டு நின்னேன்" என்று கரும்பலகையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். கொஞ்ச நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை மேலே வரும். "டீச்சர், எனக்கு அதுக்கும் முன்னாடி."

நீ வலி போன கதையை ஊருக்கே சொன்னாய். வலித்த கதையை அவளிடம் சொன்னதுண்டா? எங்கே தொடங்கும், முதுகில் எந்த இடத்தில் போய்க் குத்தும், சோற்றைப் பார்த்தாலே எப்படிப் பயமாக இருக்கும் என்று? அந்த ஆட்டுக்கு அவள் ஏன் தட்டை வைத்தாள் என்று உன்னைத் தவிர அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அவளோடு அந்த அறைக்குள் இருப்பது நீ ஒருவன்தான். அவளுக்கு அது தெரியவேண்டும்.

நோய் தன் போக்கில் போகும். அவள் வாயிலிருந்து உண்மை வந்தால்தான் டாக்டர் அதன் பின்னாலாவது ஓட முடியும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கு ரத்னா சோறு போட்டதும் ஜாஸ்மின் பக்கத்தில் போய் உட்கார். எதையும் கேட்காதே. உனக்கு முதல்முதலில் வலித்த இடத்தில் விரலை வைத்து அவளுக்குக் காட்டிவிட்டு, பேசாமல் இரு.

மரகதம்